பதினெட்டு ரூபாய் வண்டி

"கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய் அத்தான், பேசி முடித்துவிட்டேன்" என்று என் மைத்துனர் டெலிபோனை வைத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கோவில்பட்டியிலிருந்து முதல் தடவையாகக் கல்யாணுக்கு வந்திருந்தார்கள். 2023 டிசம்பர் கடைசி வாரம். மைத்துனர், அவர் மனைவி, மகள், என் மாமியார், நாங்கள் இருவர், ஆக ஆறு பேர். ஷிர்டி, சனி சிங்கனாப்பூர், நாசிக், திரயம்பகேஸ்வர் என்று ஒரு சுற்று. இந்தப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாம் நாள் காலையில் இந்தச் சுற்றுக்குத்தான் கிளம்ப வேண்டும். என் கணக்கில் நான் பதினாலு தடவை போயிருக்கிறேன். பாபாவுக்கு என் முகம் பழகியிருக்கும்.

மைத்துனர் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் 680 கிலோமீட்டர். பதினெட்டால் பெருக்கினால் 12,240 ரூபாய். "ஆறு பேருக்கு அது ஒன்றும் பெரிசில்லை. பதிமூன்றாயிரத்தைத் தாண்டாது" என்றார். கடைசியில் நாங்கள் கொடுத்தது 20,215 ரூபாய்.

வண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுத வந்திருக்கிறேன் என நினைத்துவிட வேண்டாம். அவர் ஏமாற்றவில்லை. பில்லில் இருந்த ஒவ்வொரு வரியும் அவர் அனுப்பிய சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. படிக்காதது நாங்கள். முப்பத்தேழு வருடம் ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டுப் பிழைத்தவன் நான். ஒரு கல்வர்ட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். என் வீட்டு வாசலில் வந்து நின்ற வண்டிக்கு எஸ்டிமேட் போடத் தவறினேன் என்பதுதான் எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு.

வாடகைக் கார் விஷயத்தில் நாம் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்பது. இது கட்டடக் கான்டிராக்டரிடம் "செங்கல் என்ன விலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீடு கட்டக் கொடுப்பதைப் போன்றது. ரேட் ஒன்று, அளவு ஒன்று. எந்த அளவின் மேல் அந்த ரேட்டைப் பெருக்கப் போகிறார்கள் என்று தெரியாதவரை ரேட்டுக்கு அர்த்தம் கிடையாது.

வெளியூர் வாடகையில் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு குறைந்தபட்சம் உண்டு. எங்கள் வண்டிக்கு 300. சில இடங்களில் 250. நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த அளவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். "ஓடாத தூரத்துக்கு ஏன் காசு?" என்று மைத்துனர் கொதித்தார். வண்டிக்காரர் பக்கமிருந்து பாருங்கள். அன்றைக்கு டீசல் லிட்டர் சுமார் 94 ரூபாய். அந்த வகை வண்டி ஆறு பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டு ரூபாயில் எட்டு ரூபாய் டீசலுக்குப் போகிறது. மீதிப் பத்து ரூபாயில் பாங்க் தவணை, இன்ஷூரன்ஸ், பெர்மிட், டயர், டிரைவர் சம்பளம், முதலாளியின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இதில் டயரைத் தவிர மற்றவை வண்டி ஷிர்டி பார்க்கிங்கில் சும்மா நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே குறைந்தபட்சம் வைப்பது நியாயமே. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, கிலோமீட்டர் எங்கே ஆரம்பிக்கிறது என்பது. நம் வீட்டு வாசலில் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு என்பதுதான் வழக்கம். எங்கள் வண்டியின் ஷெட் தாணேயில். கல்யாணுக்கு வர 25, திரும்பிப் போக 25. நாம் ஏறாத 50 கிலோமீட்டருக்கு 900 ரூபாய். கல்யாணிலேயே ஷெட் இருக்கிற ஒருவர் பத்தொன்பது ரூபாய் கேட்டிருந்தார். மைத்துனர் அவரை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 626-ஐப் பத்தொன்பதால் பெருக்கினால் 11,894. இங்கே 676-ஐப் பதினெட்டால் பெருக்கினால் 12,168. பத்தொன்பது ரூபாய் வண்டிதான் மலிவு!

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. "நாள்" என்றால் என்ன? நாம் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஐந்து மணி வரை ஒரு நாள் என்று எண்ணுகிறோம். சாதாரணமாக அப்படிக் கிடையாது. நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் நாள் மாறிவிடும், வண்டி ஷெட்டுக்குள் போகும் நேரம்தான் கணக்கு. காலண்டரில் தேதி கிழிகிற மாதிரி, பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் புதிய நாள், புதிய 300 கிலோமீட்டர்.

இதற்கு மேல் டிரைவர் பேட்டா நாளைக்கு 500. இரவு பத்து மணிக்கு மேலோ காலை ஆறு மணிக்கு முன்னாலோ ஓட்டினால் இரவுப் பேட்டா 300. டோல், பார்க்கிங் தனி. எல்லாவற்றுக்கும் மேலே 5 சதவீத ஜி.எஸ்.டி. மாநில எல்லை தாண்டினால் வண்டியின் பெர்மிட்டைப் பொறுத்து அந்தச் செலவும் சேரும். எங்களுக்கு அது இல்லை.

டோல் விஷயத்தில் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரி மத்தியிலிருந்து பாஸ்டாக் கட்டாயமான பிறகு டோல் பணம் நம் கண்ணில் படாமல் வண்டிக்காரர் கணக்கிலிருந்து போகிறது. பிற்பாடு அவர் சொல்வதுதான் தொகை. பாஸ்டாக் செய்தியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 2025 ஆகஸ்ட் 15-ல் மூவாயிரம் ரூபாய்க்கு ஆரம்பித்தார்களே ஒரு வருட பாஸ், அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். "என் காருக்கு டோல் ஒன்றுமே ஆகவில்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை வைத்து வாடகை வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் முதலில் மூன்று நாள் என்றுதான் சொன்னேன். ஷிர்டியில் ஓர் இரவு, நாசிக்கில் ஓர் இரவு. மைத்துனர் ஒப்பவில்லை. "இரண்டு ராத்திரி லாட்ஜ் எதற்கு அத்தான்? முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினால் ஷிர்டி, சிங்கனாப்பூர் இரண்டையும் முடித்துவிடலாம். மறுநாள் நாசிக், திரயம்பக். ராத்திரி வீடு. ஒரு நாள் வாடகை மிச்சம்." நான் மறுத்துப் பேசவில்லை. விருந்தாளி, அதிலும் மனைவியின் தம்பி. பாதிப் பணம் அவருடையது வேறு.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. டிரைவர் தம்பி ஜான்பூர்ப் பக்கத்துப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவன். காலை ஐந்துக்குச் சரியாக வந்து நின்றான். நாங்கள் ஷிர்டியில் இரண்டு ரூம் எடுத்துப் படுத்தோம். மறுநாள் விடியற்காலையில் ஆரத்திக்குப் போகிற வழியில் பார்த்தால், பையன் பார்க்கிங்கில் டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிடந்தான். கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் கொசு. டிசம்பர் மாதத்து ஷிர்டிக் குளிர் வேறு. பார்த்தேன். பார்த்துவிட்டு ஆரத்திக்குப் போனேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

திரயம்பகத்தில் விடுமுறைக் கூட்டம். க்யூவிலேயே நாலு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது மாலை ஏழரை. கோட்டி, இகத்புரி வழியில் ஒரு தாபாவில் சாப்பிட்டோம். பையன் ரொட்டியைத் தொடவில்லை, இரண்டு டீ குடித்தான். கசாரா காட்டில் இறங்க ஆரம்பித்தபோது மணி ஒன்பதே முக்கால். பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் முன் சீட்டில். காட் பாதி இறங்கியிருப்போம். ஒரு வளைவில் வண்டி வளையவில்லை. நேராகப் போயிற்று.

நான் கத்தினேனா, அவன் கையைப் பிடித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. டயர் ரோட்டை விட்டு ஜல்லியில் இறங்கிய சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. அவன் முழித்து, ஒடித்து, பிரேக் போட்டு நிறுத்திவிட்டான். தடுப்புச் சுவருக்கும் எங்களுக்கும் ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவு இடம். பின்னால் லாரி வரவில்லை. வந்திருந்தால் இந்த இதழில் என் பெயர் வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

காட் முடிந்ததும் கசாராவில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். "சாவியைக் கொடு, நாற்பது நிமிஷம் தூங்கு" என்றேன். அவன் பயந்துபோய், "முதலாளியிடம் சொல்லாதீர்கள் சாப்" என்று கையைக் கூப்பினான். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான். எழுந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களை ஏற்ற வந்த அன்றைக்கு முந்தின ராத்திரி புனேயிலிருந்து ஒரு டிரிப் முடித்து ஷெட்டுக்கு வந்தபோதே மணி ஒன்று. காலை நாலுக்கு எங்களுக்காகப் புறப்பட்டிருக்கிறான். இரண்டு ராத்திரியும் சேர்ந்து அவன் ஒழுங்காகத் தூங்கியது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. பேட்டா ஐந்நூறில் அவன் கைக்கு வருவது முந்நூறு. அதில் சாப்பாடு போக மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புகிறானாம். ரூம் எடுத்தால் அனுப்ப என்ன இருக்கும்?

நாங்கள் வீட்டில் இறங்கியது 11.50. வண்டி தாணே ஷெட்டுக்குள் நுழைந்தது 12.35. தேதி மாறிவிட்டது.

ஆக, எந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பையனை விரட்டினோமோ, அந்த நாள் பில்லில் வந்தே வந்தது. மூன்று நாள், நாளைக்கு 300 வீதம் 900 கிலோமீட்டர், ஓடியது 676. வாடகை 16,200. பேட்டா மூன்று நாளுக்கு 1,500. இரவுப் பேட்டா இரண்டு, 600. ஆக 18,300. வரி 915. டோல் 760, பார்க்கிங் 240. கூட்டினால் 20,215. இதை ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 29 ரூபாய் 90 காசு. பதினெட்டு ரூபாய் வண்டி முப்பது ரூபாய் வண்டியாகி நின்றது.

மைத்துனருக்கு ஆறவில்லை. "அந்த நாற்பது நிமிஷம் நிற்காமல் வந்திருந்தால் 11.55-க்கு ஷெட்டுக்குப் போயிருப்பான் அத்தான். ஐந்து நிமிஷத்தில் ஒரு நாள் வாடகை போய்விட்டதே!" என்றார். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். அந்த இருபதாயிரத்தில் எனக்கு வலிக்காத காசு அந்த நாற்பது நிமிடத்துக்குக் கொடுத்ததுதான்.

என் கட்சி இதுதான். வாடகைக் கார் விஷயத்தில் நாம் எஸ்டிமேட் போடாததால் கையைச் சுட்டுக்கொள்கிறோம் என்பது பாதி. எங்கேயோ கூடிவிட்ட தொகையைக் குறைக்க நாம் கை வைக்கிற இடம் டிரைவரின் தூக்கம் என்பது மீதி. ரேட்டைக் குறைக்க முடியாது, டோலைக் குறைக்க முடியாது, வரியைக் குறைக்க முடியாது. நாளைத்தான் குறைக்கலாம். நாளைக் குறைப்பது என்றால் ஒரே மனிதனைப் பதினெட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிக்க வைப்பது. கோவிலுக்குப் போகிறோம் என்பதால் இது பாவக்கணக்கில் சேராது என்று நமக்கு ஒரு நினைப்பு.

நான் வேலை பார்த்த செக்ஷன் அதே கசாரா – இகத்புரி காட் செக்ஷன்தான், சில வருடம் பி.டபிள்யு.ஐ.யாக இருந்தேன். முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவு. ஏறுகிற வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ள பாங்கர் எஞ்சின் வைத்துக்கொள்வார்கள் என்பது நம்மில் பலர் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். இறங்குகிற வண்டிக்குச் செய்வது அவ்வளவாகத் தெரியாது. வழியில் காட்ச் சைடிங் என்று ஒரு கிளைப்பாதை உண்டு, மேட்டில் ஏறி முடிந்துவிடும். இறங்கி வரும் வண்டிக்குப் பாயிண்ட் அந்தப் பக்கமே திருப்பி வைத்திருக்கும். வண்டி வந்து நின்று, தன் பிரேக் தன் பேச்சைக் கேட்கிறது என்று காட்டிய பிறகுதான் மெயின் லைன். நேரம் போகிறதே என்று யாரும் முணுமுணுப்பதில்லை. எஞ்சின் டிரைவருக்கு டியூட்டியில் ஏறும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் ஓய்வு எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும். போய்ச் சேரும் ஊரில் ரன்னிங் ரூம், கட்டில், கொசுவலை. அதே மலையில், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே போகிற ரோட்டில், ஆறு பேரைச் சுமந்துகொண்டு இறங்குகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே ஒரு சட்டம் எழுதி வைத்தார்கள். அதை அந்த ஷிர்டி பார்க்கிங்கில் யார் போய் வாசித்துக் காட்டுவது?

ஆகவே இப்போது நான் எஸ்டிமேட் போடும் முறையைச் சொல்கிறேன். ஒரு தாளில் நாள்வாரியாக, ஷெட்டிலிருந்து ஷெட் வரை தூரத்தை எழுதுகிறேன். எந்த ரோடு என்றும் எழுத வேண்டும். 2025 ஜூன் 5-ல் சம்ருத்தி நெடுஞ்சாலை பிவண்டிப் பக்கத்து ஆமனே வரை முழுவதுமாகத் திறந்துவிட்டதால், அதில் போனால் தூரமும் நேரமும் டோலும் எல்லாமே வேறு. பிறகு மொத்த நாட்களைக் குறைந்தபட்சத்தால் பெருக்குகிறேன். ஓடும் தூரம், இந்தப் பெருக்கல், இரண்டில் எது அதிகமோ அதுதான் பில் தூரம். அதன் மேல் ரேட், பேட்டா, இரவுப் பேட்டா, வரி, டோல், பார்க்கிங். கடைசியில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு. ரயில்வே எஸ்டிமேட்டில் இதற்கு இவ்வளவு தாராளம் கிடையாது. ஆனால் ரயில்வே எஸ்டிமேட்டில் மாமியார் நடு வழியில் "அப்படியே அந்தக் கோவிலையும் பார்த்துவிடலாமே" என்று சொல்வது கிடையாது.

இதே முறையில் எங்கள் பயணத்தை மறுபடி போட்டேன். சாவகாசமான மூன்று நாள் என்றால் வாடகை 16,200, பேட்டா 1,500, வரி 885, டோலும் பார்க்கிங்கும் 1,000. ஆக 19,585. நாசிக்கில் கூடுதலாக ஓர் இரவுக்கு இரண்டு ரூம் 3,000 சேர்த்தால் 22,585. மைத்துனர் திட்டப்படி இரண்டு நாளில் பன்னிரண்டு மணிக்குள் அடித்துப் பிடித்து முடிந்திருந்தால் 15,456 ஆகியிருக்கும். (அவர் சொன்ன 12,240 எந்தக் கணக்கிலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.) வித்தியாசம் 7,129. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு சுமார் 1,190 ரூபாய். இது சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு அது ஒரு மாதக் கரண்டு பில். ஆனால் எதற்கும் எதற்கும் வித்தியாசம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் இல்லையா? மூன்று நாள் கட்டாது என்றால் ஒரு கோவிலைக் குறைத்துக்கொள்ளலாம். சிங்கனாப்பூரை விட்டால் 145 கிலோமீட்டர் மிச்சம். சனீஸ்வரர் கோபித்துக்கொள்வார் என்றாள் என் மனைவி. கசாராவில் நம்மைப் பார்த்துக்கொண்டவர் அவராகக்கூட இருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன்.

என் எஸ்டிமேட்டில் இப்போது ஒரு வரி புதிதாக இருக்கிறது. டிரைவர் படுக்கை, இரவுக்கு 300. டார்மிட்டரியில் ஒரு கட்டில் அந்த விலைக்குக் கிடைக்கிறது. பணத்தை அவன் கையில் கொடுப்பதில்லை, கொடுத்தால் ஊருக்குப் போய்விடும். நாமே கட்டிலுக்குக் கட்டிவிட வேண்டும். புக் பண்ணும்போதே, "டிரைவர் முந்தின ராத்திரி வண்டி ஓட்டியவராக இருக்கக்கூடாது" என்று சொல்லிவிடுகிறேன். சொல்கிறபடி செய்கிறார்களா என்றால், வந்து நின்றதும் பையனிடமே கேட்டுவிடுகிறேன். கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெள்ளைப் பலகை வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வட்டாரத்தில் "நமக்குத் தெரிந்தவர் வண்டி இருக்கிறது சார், பதிமூன்று ரூபாய்தான்" என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி அது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. வாடகைக்கு ஓட்ட அதற்குப் பெர்மிட் கிடையாது. டாக்ஸி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளக் கொடுக்கும் வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பதிமூன்று ரூபாய் எப்படிக் கட்டுகிறது என்றால், மற்றவர் கட்டுகிற வரியும் டாக்ஸி இன்ஷூரன்ஸும் இவர் கட்டுவதில்லை. சொந்த வண்டிக்கான பாலிசியிலேயே, வாடகைக்கு விட்டால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். நல்லபடியாகப் போய் வந்தால் ஐந்து ரூபாய் லாபம். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி, "பணம் கொடுத்தா ஏறினீர்கள்?" என்பது. பொய் சொல்ல வேண்டும், அல்லது ஆஸ்பத்திரிச் செலவை நாம் சுமக்க வேண்டும். தெரிந்தவரும் நடுத்தெருவில் நிற்பார். நண்பருக்கு உதவுவதாக நினைத்து நாம் செய்கிற காரியம் இது.

நாமே ஓட்டும் வண்டி விஷயம் எனக்கு அனுபவத்தில் குறைவு. என் மகன் எடுக்கிறான். அவனுக்கு நான் சொல்வது, எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து நாலு பக்கமும் போட்டோ எடு, டீசல் முள் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து எடு, சேதம் ஆனால் உன் பங்கு எத்தனை ரூபாய் வரை என்று கையெழுத்துப் போடுமுன் படி என்று. "அப்பா, இது பிரிட்ஜ் இன்ஸ்பெக்ஷன் இல்லை" என்பான். ஆனால் எடுக்கிறான்.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இறங்கி, குலதெய்வம் கோவிலுக்கும் நாலு சொந்தக்காரர் வீட்டுக்குமாக வண்டி எடுக்கிறோம். தூரம் எண்பது கிலோமீட்டர்தான் இருக்கும், நாள் முழுக்க நிற்கும். அங்கே கிலோமீட்டர் வாடகை பேசினால் ஓடாத 170-க்குப் பணம் கொடுக்க நேரும். நாள் வாடகை பேசி டீசல் தனி என்பது பெரும்பாலும் கட்டுபடியாகும். ஒரு வழிதான் போகிறோம் என்றால், திரும்பும் தூரத்துக்கும் காசு உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல், சித்திரைத் திருவிழாச் சமயம் என்றால் பேசுகிற அத்தனையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ரயில்வேக்காரன் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன், பட்சபாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மும்பையிலிருந்து ஷிர்டிக்கு 2023 பிப்ரவரி 10-லிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, தாணேயில் நிற்கிறது. ரயிலில் போய் இறங்கி, சிங்கனாப்பூருக்கு மட்டும் அங்கேயே ஒரு வண்டி எடுத்தால், காட் ரோடு இல்லை, இரவுப் பேட்டா இல்லை, ஷெட் தூரம் இல்லை. மாமியாருக்குக் காலை நீட்ட இடமும் கிடைக்கும்.

மைத்துனர் குடும்பம் இந்த வருடமும் வருவதாக எழுதியிருக்கிறார்கள். அக்கல்கோட், பண்டரிபுரம் பார்க்க வேண்டுமாம். நான் எஸ்டிமேட் போட்டு, தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். அரைமணி நேரத்தில் மைத்துனரிடமிருந்து போன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "டிரைவர் படுக்கை 300 என்று இருக்கிறதே அத்தான், மூன்று ராத்திரிக்குத் தொள்ளாயிரம். அது கட்டாயமா?" என்று மட்டும் கேட்டார். பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. அன்றைக்கு அந்த வளைவில் அவர் தூங்கவில்லையாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. "ஆயிரமாப் போட்டுக்கச் சொல்லுடா" என்றார்.